டிக் மார்க் இருக்கு... ப்ளக்இன் எங்கே மாப்ள?

‘இன்ஸ்டால்னு கொடுத்தேன்... கோடு முழுசா ஓடுச்சு... டிக்கும் வந்துச்சு. ஆனா, மெனுவுல ஒண்ணையும் காணோமே மாப்ள!’

லேப் எக்ஸாம் நெருங்கிட்டா போதும்... ராத்திரி பத்து மணிக்கு மேல நம்ம போனுக்கு வர்ற அழைப்பெல்லாம் இந்த ரகம்தான். ‘கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளை’ன்னு ஒரு தடவை பேர் வாங்கிட்டா, அப்புறம் ஆவுடையார்கோவில் கடைத்தெருவுல நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியாது பாஸ். ஒருத்தர் பிரின்டர் ஓடலைம்பார். இன்னொருத்தர் பேரனோட போன்ல பாஸ்வேர்டு போச்சும்பார். அதையெல்லாம்கூட சமாளிச்சிடலாம். இந்த ‘காணாமப் போன ப்ளக்இன்’ கேஸ்தான் ஆளைப் படுத்தும்.

ப்ளக்இன் தெரியாதவங்களுக்கு ஒரே வரி: எடிட்டர்ங்கிறது கோடு அடிக்கிற வெறும் பலகை. கலர் காட்டுறது, பிழைக்கு அடியில் சிவப்புக் கோடு போடுறது, ‘ரன்’ பட்டன் கொடுக்கிறது... இதெல்லாம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கிற குட்டிக் குட்டி நிரல்கள். எக்லிப்ஸ்காரங்க அதுக்கு ‘ப்ளக்இன்’னு பேர் வெச்சிருக்காங்க. விஎஸ் கோட்காரங்க ‘எக்ஸ்டென்ஷன்’ங்கிறாங்க. இந்த வாரம் ரெண்டையும் ப்ளக்இன்னே சொல்லிக்குவோம்.

காணோம்னதும் நம்ம மக்கள் என்ன பண்றாங்க? அன்இன்ஸ்டால்... இன்ஸ்டால். மறுபடி அன்இன்ஸ்டால்... இன்ஸ்டால். அப்புறம் எடிட்டரையே தூக்கிட்டு முதலேர்ந்து இறக்குவாங்க. எக்லிப்ஸ் பேக்கேஜ் ஒண்ணு சில நூறு எம்பி இருக்கும். தினசரி டேட்டா பேக்ல ஓடுற வீட்டுக்கு அன்னிக்கு ராத்திரி அதோட நெட் காலி. கடைசியில, ‘பேசாம ஃபார்மேட் அடிச்சிரலாமா?’ன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க... அங்கதான் நமக்கு நெஞ்சு அடைக்கும்.

அடிக்காதீங்க மக்கா. முதல்ல எடிட்டர் உள்ளே என்ன நடக்குதுன்னு பாருங்க.

நம்ம கேம்பஸ் இன்டர்வியூவை நினைச்சுக்கங்க. கம்பெனிக்காரங்க வந்து ஒவ்வொருத்தர் பயோடேட்டாவையும் புரட்டுவாங்க. ‘இத்தனை பர்சென்ட்டுக்குக் கீழே வேண்டாம்’, ‘அரியர் இருந்தா வேண்டாம்’. செலக்ட் ஆனவங்க பேர் மட்டும் நோட்டீஸ் போர்டுல வரும். வராதவங்களுக்கு ஏன் வரலைன்னு யாரும் மைக் போட்டுச் சொல்ல மாட்டாங்க. எடிட்டரும் இதே கதைதான். ஒவ்வொரு ப்ளக்இன்னும் கையில ஒரு பயோடேட்டாவோட வரும். எக்லிப்ஸ்ல அதுக்கு ‘மேனிஃபெஸ்ட்’னு பேர். விஎஸ் கோட்ல ‘பேக்கேஜ் ஜேசன்’ங்கிற ஃபைல். ‘என்னோட பேர் இது, பதிப்பு இது, எனக்கு இந்த வயசு எடிட்டர் வேணும், கூட இன்னின்ன ப்ளக்இன் இருக்கணும்’னு அதுல எழுதியிருக்கும். எடிட்டர் அதைப் படிச்சுப் பார்க்கும். ஒத்து வரலைன்னா பல நேரம் சத்தமில்லாம ஒதுக்கி வெச்சிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிடும். ஆனா கம்பெனிக்காரங்க மாதிரி இல்லை... ஒதுக்கின காரணத்தை ஒரு மூலையில எழுதி வெச்சிருக்கும். அந்த மூலைக்குப் பேர் ‘லாக்’. அதைத் தொறந்து படிக்கிறவனுக்கு அஞ்சு நிமிஷம். படிக்காதவனுக்கு அஞ்சு நாள்!

இல்லையா... தெரியலையா?

முதல் கேள்வி இதுதான். எங்க ஊர்க்காரனுக்கு இந்த வித்தியாசம் ரத்தத்துலயே இருக்கு. ஆத்மநாத சுவாமி கோயிலுக்கு முதல் தடவை வர்றவங்க கருவறையை எட்டிப் பார்த்துட்டு, ‘சாமி எங்கேங்க?’ன்னு முழிப்பாங்க. அங்கே லிங்கம் கிடையாது. ஆவுடையார்ங்கிற பீடம் மட்டும்தான். எதிரே நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. புழுங்கல் அரிசிச் சோறு வடிச்சுக் கொட்டி, அதோட ஆவியைத்தான் நைவேத்தியம் பண்றாங்க. பக்கத்துல நிக்கிற அப்பத்தா யாராவது, ‘இருக்காருப்பா, நல்லாப் பாரு’ம்பாங்க. அப்பத்தா சொன்ன அதே வேலைதான் எடிட்டர்லயும். இருக்கிறதும் கண்ணுக்குத் தெரியறதும் ரெண்டு வேற விஷயம்.

எக்லிப்ஸ்ல ‘ஹெல்ப்’ மெனு போய் ‘அபௌட்’, அதுக்குள்ள ‘இன்ஸ்டாலேஷன் டீடெய்ல்ஸ்’, அங்கே ‘ப்ளக்இன்ஸ்’ பக்கம். பட்டியல்ல பேர் இருந்தா ஆள் உள்ளே வந்தாச்சு. மெனுவுல தெரியலைன்னா நீங்க தப்பான ‘பெர்ஸ்பெக்டிவ்’ல உட்கார்ந்திருக்கீங்கன்னு சந்தேகப்படலாம். எக்லிப்ஸ் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு மேஜை போடும். ஜாவா மேஜையில இருக்கிறது டீபக் மேஜையில இருக்காது. ‘விண்டோ’, ‘ஷோ வியூ’, ‘அதர்’னு போய்த் தேடுங்க, பல சமயம் அங்கே சமத்தா உட்கார்ந்திருக்கும்.

பட்டியல்லயே இல்லையா? அப்ப இன்டர்வியூவுல அவுட். ‘எரர் லாக்’ங்கிற வியூவைத் திறங்க. உங்க வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டருக்குள்ள ‘மெட்டாடேட்டா’ன்னு புள்ளி வெச்சு ஆரம்பிக்கிற ஃபோல்டர்ல இருக்கிற லாக் ஃபைலும் இதேதான். ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்’னு ஒரு வரி, பக்கத்துல 65-னு ஒரு நம்பர் இருந்தா பிரச்னை ஜாவா பதிப்பு. 52-ன்னா ஜாவா 8, 55-ன்னா ஜாவா 11, 61-ன்னா ஜாவா 17, 65-ன்னா ஜாவா 21. பழைய எக்லிப்ஸ் ஜாவா 8-ல ஓடிக்கிட்டிருக்கும். நீங்க ஜாவா 21-க்குச் செஞ்ச ப்ளக்இன்னைக் கொண்டாந்து மாட்டுவீங்க. எட்டாங் கிளாஸ் பையன் கையில பி.இ. புஸ்தகத்தைக் கொடுத்த மாதிரி!

எக்லிப்ஸ்ல இன்னொரு வில்லன் ஜெராக்ஸ் நோட்ஸ். ‘டவுன்லோடு பண்ணி ப்ளக்இன்ஸ் ஃபோல்டர்ல போடு’ன்னு சீனியர்களோட சீனியர் எழுதி வெச்ச குறிப்பு இன்னும் லேப் மேனுவல்கள்ல ஓடிக்கிட்டிருக்கு. 2008-ல வந்த 3.4 பதிப்போட அந்தக் காலம் முடிஞ்சுபோச்சு. கையால போடுறதுக்குன்னே ‘டிராப்இன்ஸ்’னு தனி ஃபோல்டர் அப்ப வந்துச்சு. போட்டும் காணோம்னா, எக்லிப்ஸைத் திறக்கிற கமாண்டோட ஒரு ஹைஃபன் போட்டு ‘கிளீன்’னு சேர்த்து ஒரு தடவை திறங்க. பழைய ஞாபகத்தை அழிச்சிட்டு எல்லார் பயோடேட்டாவையும் புதுசாப் படிக்கும்.

காலேஜ் லேப்ல மட்டும் நடக்கிற கூத்து ஒண்ணு உண்டு. நேத்து போட்ட ப்ளக்இன் இன்னிக்கு இருக்காது. பேய் வேலை இல்லை. பல லேப்கள்ல ரீஸ்டார்ட் பண்ணினதும் மெஷினைப் பழைய நிலைக்கே கொண்டுபோற மாதிரி பூட்டி வெச்சிருப்பாங்க. இல்லைன்னா நேத்து நீங்க வேற யூசர்ல லாகின் பண்ணியிருப்பீங்க. லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட மரியாதையாக் கேட்டா சொல்லிடுவார். அவர்கிட்ட கேக்காம நாலு பீரியடை வீணாக்குறதுதான் நம்ம வழக்கம்.

எக்லிப்ஸை ஐபிஎம் 2001-ல ஓப்பன் சோர்ஸா விட்டப்ப அதோட ஜாவா பகுதியை உருவாக்கின டீமுக்குத் தலைமை எரிக் காமா. டிசைன் பேட்டர்ன்ஸ் புஸ்தகம் படிச்சவங்களுக்கு இவரைத் தெரியும், அந்த நாலு பேர்ல ஒருத்தர். அதே மனுஷர்தான் பின்னாடி மைக்ரோசாஃப்ட் போய் விஎஸ் கோட் டீமையும் நடத்தினார். 2015 நவம்பர்ல விஎஸ் கோட் ஓப்பன் சோர்ஸ் ஆச்சு, எக்ஸ்டென்ஷன் வசதியும் அப்பதான் வந்துச்சு. ஒரே ஆள் கை பட்ட ரெண்டு எடிட்டர். ஆனா விஎஸ் கோட் பண்ற மாயம் வேற தினுசு.

கூப்பிட்டாத்தான் வருவேன்!

விஎஸ் கோட்ல ப்ளக்இன்கள் பெரும்பாலும் தூங்கிக்கிட்டிருக்கும். வேலை வந்தாத்தான் எழுந்துக்கும். பைத்தான் ப்ளக்இன் போட்டுட்டு காலித் திரையைப் பார்த்து, ‘ரன் பட்டன் எங்கே?’ன்னு கேட்டா வராது. பைத்தான் ஃபைல் ஒண்ணைத் திறக்கணும். எடிட்டர் வேகமாத் திறக்கணும்கிறதுக்காக வேணும்னே செஞ்ச ஏற்பாடு இது.

இதுலயும் ஒரு குழி. ஃபைலைத் திறந்தும் வரலையா? கீழே வலது ஓரம் பாருங்க. ‘பைத்தான்’னு இருக்க வேண்டிய இடத்துல ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’னு இருக்கும். காரணம், நோட்பேடுல சேமிச்ச உங்க ஃபைலோட முழுப் பேர் ‘சம் டாட் பிஒய் டாட் டிஎக்ஸ்டி’. விண்டோஸ் கடைசி வாலை மறைச்சே காட்டும். நீங்க பைத்தான்னு நினைக்கிறீங்க. எடிட்டர் அதை ஏதோ கடுதாசின்னு நினைக்குது. எக்ஸ்ப்ளோரர்ல ‘வியூ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக் பண்ணிட்டா வால் வெளியே வந்துடும்.

அடுத்து, ஃபர்ஸ்ட் இயர் பசங்களோட தேசியப் பிரச்னை. ‘சி ப்ளக்இன் போட்டுட்டேன்ணே, புரோகிராம் ஓடலை.’ ஓடாதுப்பா! அந்தப் ப்ளக்இன்னுக்குள்ள கம்பைலர் கிடையாது. ஜிசிசி தனியா இறக்கிப் போட்டு, விண்டோஸோட ‘பாத்’ல அது இருக்கிற இடத்தைச் சொல்லணும். 1987-ல வந்த டர்போ சி நீலத் திரையில எடிட்டரும் கம்பைலரும் ஒண்ணா இருந்துச்சு. அதுல பழகின சார்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயம்னே தோணாது. கமாண்ட் பிராம்ப்ட்ல ‘ஜிசிசி’, இடைவெளி, ரெண்டு ஹைஃபன், ‘வெர்ஷன்’னு அடிங்க. பதிப்பு நம்பர் வந்தா கம்பைலர் இருக்கு. ‘நாட் ரெகக்னைஸ்டு’ன்னு வந்தா ப்ளக்இன்னைத் திட்டாதீங்க, அது பாவம்.

2021-லேர்ந்து இன்னொரு காவல்காரர் நிக்கிறார். ஃபோல்டரைத் திறந்ததும், ‘இதை எழுதினவங்களை நம்புறீங்களா?’ன்னு ஒரு பெட்டி வரும். அவசரத்துல ‘நோ’ தட்டிடுவோம். உடனே ‘ரெஸ்ட்ரிக்டட் மோடு’. பாதிப் ப்ளக்இன் முடங்கிடும். மேலே ஒரு பட்டையில சொல்லவும் செய்யும், நாமதான் பார்க்கிறதில்லை. உங்க சொந்த ஃபோல்டர்னா நம்புங்க. யாரோ கொடுத்த பென் டிரைவ்னா யோசிங்க, அந்தக் கேள்வி சும்மா கேக்கலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன செமஸ்டர்ல அறந்தாங்கிப் பக்கத்துத் தங்கச்சி ஒண்ணு கூப்பிட்டுச்சு. முதல் வருஷம். வீட்ல இருக்கிற ஒரே லேப்டாப், பெரியண்ணன் 2012-ல பிளஸ் டூ படிச்சப்ப அரசு கொடுத்தது. தோழியோட புது லேப்டாப்லேர்ந்து சி ப்ளக்இன் ஃபைலை பென் டிரைவ்ல கொண்டுவந்து போட்டிருக்கு. வரலை. மூணு நாள் மல்லுக்கட்டிட்டு அது சொன்ன வார்த்தை: ‘எனக்கு கோடிங் வராதுபோலண்ணே. வேற டிபார்ட்மென்ட் மாத்திக்க முடியுமான்னு கேட்டிருக்கேன்.’

இன்னும் ஒரு வரி சி எழுதலை மக்கா அந்தப் புள்ளை!

கணக்கைப் பாருங்க. 2011-ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல முதல் வருஷங்கள்ல வந்தவற்றுல விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்துச்சு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்ல மட்டும்தான் உண்டு. விஎஸ் கோட் விண்டோஸ் 7-க்கு வர்றது 2022-ல 1.70.3 பதிப்போட நின்னுபோச்சு. 32 பிட் விண்டோஸுக்கு வர்றது 2023-ல 1.83-யோட நின்னுது. அதுக்கப்புறம் வந்த ப்ளக்இன்கள் பயோடேட்டாவுல ‘எனக்குப் புது எடிட்டர் வேணும்’னு எழுதிக்கிட்டு வருது. போதாததுக்கு, சி மாதிரி சில ப்ளக்இன்கள் மெஷினுக்கு மெஷின் வேற வேற ஃபைல். தோழியோடது 64 பிட்டுக்கான ஃபைல். இவளோட மெஷின் 32. அந்தப் ப்ளக்இன் அங்கே தெரிய வழியே கிடையாது. இதுல அவ மூளைக்கும் கோடிங்குக்கும் என்ன சம்பந்தம்?

வழி இருந்துச்சு. ப்ளக்இன் பக்கத்துல பல்சக்கர ஐகானைத் தட்டினா வேற பதிப்பைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் பண்ற மெனு வரும். 2022 நடுவுல வந்த பதிப்பைப் போட்டோம். ஆட்டோ அப்டேட்டை அணைச்சோம். 32 பிட் கம்பைலரைத் தனியா இறக்கினோம். எல்லாம் போன்லயே, ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு, முக்கால் மணி நேரம். முதல் புரோகிராம் ஓடினப்ப அந்தப் பக்கம் அவங்க அம்மா, ‘என்னடி சத்தம்?’னு கேட்டது கேட்டுச்சு. டிபார்ட்மென்ட் மாத்துற பேச்சு அப்புறம் வரலை.

பழைய மெஷின்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாதுகாப்பு அப்டேட் நின்னுபோன விண்டோஸ் அது. அதுல பேங்க் வேலை, அப்பாவோட ஆதார் வேலையெல்லாம் வேண்டாம். லேப் புரோகிராமோட நிறுத்திக்கங்க.

பென் டிரைவ் பார்ட்டிகளுக்கு இன்னொரு தகவல். நண்பனோட எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக் கொண்டாந்து போடுறது முன்னாடி பலிச்சுது. இப்ப வர்ற விஎஸ் கோட் அந்த ஃபோல்டருக்குள்ளயே ஒரு ரிஜிஸ்டர் வெச்சிருக்கு. அட்டெண்டன்ஸ்ல பேர் இல்லாதவன் கிளாஸ்ல உட்கார்ந்திருந்தாலும் ஆப்சென்ட்தானே... அதே கதை. ‘இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்’னு மெனு வழியா போட்டாத்தான் ரிஜிஸ்டர்ல ஏறும்.

நோட்பேட் பிளஸ் பிளஸ் ரசிகர்களுக்கும் இதே மாதிரி ஒரு கண்டம் உண்டு. 2018 நவம்பர்ல வந்த 7.6 பதிப்புலேர்ந்து ஒவ்வொரு ப்ளக்இன்னுக்கும் தனி ஃபோல்டர், அந்த ஃபோல்டருக்கும் உள்ளே இருக்கிற டிஎல்எல் ஃபைலுக்கும் ஒரே பேர். இல்லைன்னா சேர்த்துக்காது. பழைய வீடியோவைப் பார்த்து டிஎல்எல்லை மொட்டையாப் போட்டுட்டு முழிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. 32 பிட் டிஎல்எல்லை 64 பிட் எடிட்டர் ஏத்துக்காதுங்கிறதையும் சேர்த்துக்கங்க. கேள்விக்குறி மெனுவுல ‘டீபக் இன்ஃபோ’ போனா எடிட்டர் எத்தனை பிட், எந்தெந்தப் ப்ளக்இன் ஏறியிருக்குன்னு ரெண்டும் ஒரே பெட்டியில கிடைக்கும். (தமிழ் மெனுவும் அதுல உண்டு, வீட்டுல தம்பி தங்கைக்குப் போட்டுக் காட்டுங்க.)

புதுசா ஒரு ரகம்: தேடினாலே கிடைக்காத ப்ளக்இன். கர்சர், விஎஸ்கோடியம் மாதிரி எடிட்டர்கள் விஎஸ் கோட்லேர்ந்து பிறந்ததுதான், ஆனா மைக்ரோசாஃப்ட் கடையில சரக்கு எடுக்க அதுங்களுக்கு அனுமதி இல்லை. ‘ஓப்பன் விஎஸ்எக்ஸ்’னு வேற கடை இருக்கு. அங்கே இருந்தா உண்டு. 2025 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட்டோட சி ப்ளக்இன் இந்த எடிட்டர்கள்ல திடீர்னு வேலையை நிறுத்திக்கிச்சு. லைசென்ஸ்ல முன்னாடியே அப்படித்தான் எழுதியிருந்துச்சு, யார் படிச்சா? ஓப்பன் சோர்ஸ்னு பேர் வெச்சுட்டு முக்கியமான சாமானைப் பூட்டி வெக்கிறது எனக்கு ஒப்பலை. ஆனா என் ஒப்புதலை யாரும் கேக்கலை!

எல்லாம் சரியா இருந்தும் நேத்து வரைக்கும் இருந்தது இன்னிக்குக் காணோமா? ரெண்டு ப்ளக்இன்னுக்குள்ள சண்டையா இருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி ‘எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’னு தேடுங்க. பாதியை அணைச்சிட்டு, ‘இப்ப சரியா இருக்கா?’ன்னு கேக்கும். சொன்னா மீதியில பாதி. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்ல மனப்பாடம் பண்ணின பைனரி சர்ச்தான்! 32 ப்ளக்இன் இருந்தாலும் அஞ்சே கேள்வியில குற்றவாளி சிக்கிடும். ஒண்ணொண்ணா அணைச்சா 32 தடவை.

இதுக்கும் மேல மாட்டிக்கிட்டா தாராளமா போன் போடுங்க. ஆனா, ‘வரலை மாப்ள’ன்னு மட்டும் சொல்லாதீங்க. எடிட்டர் பேர், பதிப்பு, விண்டோஸ் எது, 32-ஆ 64-ஆ, ப்ளக்இன்னை எங்கேர்ந்து எடுத்தீங்க, லாக்ல இருக்கிற கடைசிப் பத்து வரி... இவ்வளவும் ஒரே மெசேஜ்ல. லாக்கை போட்டோ பிடிச்சு அனுப்பாம காப்பி பண்ணி அனுப்புங்க சாமி. ஆடின கையில எடுத்த போட்டோவுல 52-ஆ 62-ஆன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள எங்க கடைத்தெருவுல டீ ஆறிடுது.